இரத்தத்தில் "கிருமி" எவ்வளவு? நுரையீரல் அடைப்பு நோயில் அழற்சி எண்களை வாசிக்கும் விதம்

ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை இறங்கினால் திருகோணமலையில் முட்டுக்காரருக்கு, அதாவது இளைப்பு நோயாளருக்கு, கஷ்டகாலம் தொடங்கிவிடும். மூதூரில் இருந்தோ கிண்ணியாவில் இருந்தோ குச்சவெளியில் இருந்தோ வருகிறவரின் கிளினிக் கொப்பிக்குள் ஒரு லாப் துண்டு மடித்திருக்கும். "சி.ஆர்.பி 24 ஆம், இரத்தத்தில கிருமி ஏறிட்டுதாம்" என்று கூட வந்தவர் சொல்வார். பாதிப் பேர் அதற்கு முன்னமே பாமசியில் அன்ரிபயோட்டிக் வாங்கி இரண்டு நாள் குடித்தும் இருப்பார்கள்.

சி.ஆர்.பி (சி-ரியாக்ரிவ் புரதம்) கிருமியை எண்ணுவதில்லை. ஈ.எஸ்.ஆரும் (செங்குழியம் படியும் வேகம்) எண்ணுவதில்லை. உடம்பில் எங்கோ அழற்சி நடக்கிறது என்று ஈரல் எழுப்பும் சத்தத்தைத்தான் இவை அளக்கின்றன. சத்தம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நாளாக வருகிறது, இந்த ஆளுக்கு எப்போதும் இருக்கிற சத்தமா என்பதெல்லாம் எண்ணில் எழுதியிருக்காது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் துண்டை எடுத்துக்கொள்வோம். 63 வயது ஆண், 30 வருடம் பீடி, மூன்று நாளாக இளைப்புக் கூட. வெண்குழியம் மைக்ரோலீற்றருக்கு 11,200. அதில் நியூட்ரோபில் 78 சதவீதம், லிம்போசைற் 14, இயோசினோபில் 4. ஹீமோகுளோபின் 17.8, பி.சி.வி (இரத்தத்தில் செங்குழியத்தின் பங்கு) 55 சதவீதம். ஈ.எஸ்.ஆர் 4. சி.ஆர்.பி 24 மி.கி/லீற்றர். வீட்டார் பார்ப்பது கடைசி எண்ணை. இந்தத் துண்டில் அதைவிட அவசரமான எண் வேறொன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

புகை நுரையீரலில், எண் ஏன் இரத்தத்தில்?

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயை டொக்டர்மார் சி.ஓ.பி.டி என்பார்கள், ஊரில் முட்டு, இழுப்பு, தொய்வு என்று ஆஸ்துமாவோடு சேர்த்தே பேசுவார்கள். பீடி, சுருட்டு, சிகரெட், விறகடுப்பு என்று எந்தப் புகையானாலும் சிறு மூச்சுக்குழாய்களின் உட்சுவரைச் சுட்டபடி இருக்கும். அங்கே குவியும் மாக்ரோபேஜ் கலங்களும் நியூட்ரோபில்களும் இன்ரலூக்கின் 6, இன்ரலூக்கின் 8, ரி.என்.எஃப் ஆல்பா போன்ற தூதுப் பொருள்களை விடுகின்றன. இன்ரலூக்கின் 6 ஈரலுக்குப் போய்ச் சேர்ந்தால் ஈரல் சி.ஆர்.பியையும் இரத்தத்தை உறையவைக்கும் பைப்ரினோஜனையும் கூடுதலாகச் செய்து இரத்தத்தில் விடும். நுரையீரலின் அழற்சி இரத்தத்துக்குள் வழிகிறது என்ற விளக்கம் இதுதான்.

விளக்கம் அழகாக இருந்தாலும் முழுமையானது அல்ல. இதே நோயாளிக்குச் சர்க்கரையும் இருக்கும், இருதய நாளங்களும் தடித்திருக்கும், பல்முரசு அழுகியிருக்கும், வயிறு பெருத்திருக்கும். இவை ஒவ்வொன்றும் தனியாகவே சி.ஆர்.பியைத் தூக்கும். வழிவது எவ்வளவு, பக்கத்து நோய்கள் சேர்ப்பது எவ்வளவு என்று ஒரு துண்டுக் காகிதத்தால் பிரிக்க முடியாது.

இந்த நோயில் எல்லாருக்கும் இரத்த அழற்சி இருக்கும் என்பதும் பிழை. எக்ளிப்ஸ் என்ற பெரிய பன்னாட்டு ஆய்வின் 2012 கட்டுரையில் 1,755 சி.ஓ.பி.டி நோயாளிகளில் ஆறு எண்களைப் பார்த்தார்கள்: வெண்குழியம், சி.ஆர்.பி, பைப்ரினோஜன், இன்ரலூக்கின் 6, இன்ரலூக்கின் 8, ரி.என்.எஃப் ஆல்பா. ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு ஆறில் ஒன்றும் உயரவில்லை. 16 சதவீதத்தினருக்கு மட்டும் தொடக்கத்திலும் ஒரு வருடம் கழித்தும் இரண்டோ அதற்கு மேலோ உயர்ந்தே நின்றன. மூன்று வருடத் தொடர்கண்காணிப்பில் அந்த 16 சதவீதத்தினரில் இறப்பு 13 சதவீதம், எதுவும் உயராதவர்களில் 2 சதவீதம். அழற்சி நிலைத்து நிற்கிறவர் வேறொரு கூட்டம் என்பது அதில் தெளிவாயிற்று. ஆனால் அந்த ஆய்வுக்குக் குறைந்தது பத்து பொதி-வருடம் புகைத்தவர்களைத்தான் எடுத்தார்கள். ஒரு நாளைக்கு 20 சிகரெட் என்று பத்து வருடம் புகைத்தால் அந்தக் கணக்கு வரும். வாழ்நாளில் ஒரு பீடி தொடாமல் நாற்பது வருடம் விறகடுப்பை ஊதிய தம்பலகாமத்துப் பெண் அதில் இல்லை. அந்தச் சதவீதங்களை அவருக்கு அப்படியே தூக்கிப் போடக்கூடாது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லவேண்டும். எந்த இரத்தப் பரிசோதனையும் சி.ஓ.பி.டி இருக்கிறது என்றோ இல்லை என்றோ நிரூபிக்காது. அதைச் செய்வது ஸ்பைரோமெற்றி ஊதல். மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் 400 மைக்ரோகிராம் இழுத்து 15 நிமிடம் கழித்து முழு மூச்சை ஊதும்போது முதல் வினாடியில் வெளிவரும் காற்று, மொத்தத்தில் 0.7 பங்குக்குக் குறைவாக இருந்தால்தான் அடைப்பு உறுதி. ஊதாமலே "முட்டு" என்று வருடக்கணக்காகப் பம் (உள்ளிழுக்கும் மருந்து) அடிக்கிறவர்கள் குறைவில்லை.

24 என்பது 24 இல்லை

சி.ஆர்.பியை 1930இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் ரில்லெற்றும் தோமஸ் பிரான்சிஸும் கண்டார்கள். நியுமோகொக்கஸ் கிருமியின் சி என்ற மாச்சத்தோடு நியுமோனியாக்காரரின் சீரம் சேர்ந்து படிவானதால் வந்த பெயர் அது. தொற்று தொடங்கி ஆறு மணித்தியாலம் அளவில் ஏறத் தொடங்கும், இரண்டு நாளில் உச்சம் தொடும். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 19 மணித்தியாலம். அதாவது அழற்சியின் ஊற்று அடைபட்டால் நாளுக்கு அரைவாசிக்கும் மேலாக இறங்கவேண்டும். காய்ச்சல் வந்து மூன்றாம் மணித்தியாலம் குத்திய இரத்தத்தில் சி.ஆர்.பி குறைவு என்று நிம்மதிப்படுவது அவசரம். மறுபக்கம், நாலு நாள் மருந்து எடுத்தும் எண் அசையவில்லை என்றால் மருந்து பிழை, அல்லது நோய் வேறு.

துண்டில் வருகிற 24 எப்படி வந்தது என்று பார்த்தால் அதன் பெறுமதி புரியும். இரத்தத்தைச் சேர்மானம் இல்லாத குழாயில் உறைய விட்டு, சுழற்றிச் சீரத்தைப் பிரிப்பார்கள். கறுப்புப் பின்னணித் தட்டில் அந்தச் சீரம் ஒரு துளி, ஏறத்தாழ 50 மைக்ரோலீற்றர். பக்கத்தில் பால் போன்ற லேடெக்ஸ் கரைசல் ஒரு துளி. அதில் மிதக்கும் நுண்மணிகளின் மேல் சி.ஆர்.பிக்கு எதிரான பிறபொருளெதிரி பூசியிருக்கும். குச்சியால் கலந்து தட்டை மெதுவாகச் சுழற்றி, சரியாக 2 நிமிடத்தில் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பால் அப்படியே வழுவழுப்பாக இருந்தால் எதிர்மறை. தயிர் திரிந்தது போல மணிமணியாகக் கட்டினால் 6 மி.கி/லீற்றரோ அதற்கு மேலோ சி.ஆர்.பி இருக்கிறது.

எவ்வளவு மேலே என்று அறியச் சீரத்தைச் சேலைனில் இரண்டில் ஒன்று, நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று கரைத்துத் திரும்பச் செய்வார்கள். கடைசியாகக் கட்டிய கரைசலை 6ஆல் பெருக்கினால் விடை. நாலில் ஒன்று கட்டி எட்டில் ஒன்று கட்டாவிட்டால் 24 என்று எழுதுவார்கள். உண்மை 24க்கும் 48க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். ஆக இந்த முறையில் 6, 12, 24, 48 என்ற படிகள் மட்டுமே உண்டு. கண்ணால் பார்க்கும் விடயம் என்பதால் ஒருபடி முன்னே பின்னே போவது சாதாரணம். போன கிழமை 12, இந்தக் கிழமை 24 என்றால் "இரண்டு மடங்கு ஏறிட்டுது" என்று பதறத் தேவையில்லை. இரண்டு படி மாறினால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று எண்ணலாம்.

பிழைகள் வரும் இடங்களும் தெரிந்தவையே. 2 நிமிடம் கடந்து பார்த்தால் விளிம்பு காய்ந்து கட்டியது போலத் தோன்றும். பிரிஜ்ஜில் இருந்து எடுத்த குளிரோடு பாவித்தால் கட்டுவது மந்தமாகும். கரைசல் உறைந்து போயிருந்தால் போத்தலோடு வீச வேண்டியதுதான், அது எல்லாச் சீரத்திலும் கட்டும். சி.ஆர்.பி மிக மிகக் கூடினால் எல்லா மணியும் தனித்தனியே மூடப்பட்டு, ஒன்றோடொன்று பிடிக்க இடமில்லாமல் எதிர்மறை போலக் காட்டவும் கூடும். ஆள் மோசமாகக் கிடக்க சி.ஆர்.பி எதிர்மறை என்றால், கரைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நியாயம்.

இயந்திரத்தில் கலங்கலை அளக்கும் லாப்பில் 17.4, 31.8 என்று தசமத்தோடு வரும். அது உண்மையான அளவு. ஆனால் அலகைப் பார்க்கவேண்டும்: சில இடங்களில் மி.கி/டெசிலீற்றர் என்று இருக்கும், அதில் 2.4 என்பது இங்கே 24. ஒரு லாப்பின் எண்ணை மற்ற லாப்பின் எண்ணோடு வைத்து ஏறியது இறங்கியது பார்ப்பதைவிட, ஒரே லாப்பில் தொடர்ந்து செய்வது நல்லது. இதற்கு வெறும் வயிறும் தேவையில்லை. சர்க்கரைக்காரரைப் பட்டினி போட்டுக் காலையில் வரிசையில் நிறுத்துவது வீண்.

அன்ரிபயோட்டிக் தேவையா இல்லையா

முட்டு கூடிய நாளில் சி.ஆர்.பிக்கு உண்மையான வேலை இதுதான். பிரித்தானியாவில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 653 சி.ஓ.பி.டி நோயாளிகளில் செய்து 2019இல் வெளியான ஆய்வில், டொக்டரின் மேசையிலேயே விரல் குத்திப் பார்த்த சி.ஆர்.பியை வைத்து முடிவெடுக்கச் சொன்னார்கள். 20க்குக் கீழே என்றால் அன்ரிபயோட்டிக் பெரும்பாலும் உதவாது. 20 முதல் 40 வரை என்றால் சளி மஞ்சள் பச்சையாக மாறியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம். 40க்கு மேல் என்றால் கொடுப்பது நல்லது. இப்படிச் செய்த கூட்டத்தில் நாலு கிழமைக்குள் அன்ரிபயோட்டிக் எடுத்தவர்கள் 57 சதவீதம், செய்யாத கூட்டத்தில் 77.4 சதவீதம். குறைவாக எடுத்ததால் சுகம் கெடவில்லை.

நமது கற்பனைத் துண்டின் 24 நடுவிலே விழுகிறது. ஆகவே தீர்ப்பு எண்ணிடம் இல்லை, சளிக்கோப்பையிடம் இருக்கிறது. இளைப்புக் கூடினதா, சளி கூடினதா, சளியின் நிறம் மாறினதா என்ற மூன்று கேள்வியையும் 1987இல் அந்தோனிசன் குழு முன்வைத்தது. இன்னும் அவை பழசாகவில்லை. வெள்ளைத் தாளில் துப்பிப் பார்ப்பது எந்த லாப்புக்கும் குறைந்ததல்ல. வெற்றிலை போடுகிறவர் வாய் கொப்பளித்துவிட்டுத் துப்பவேண்டும், இல்லாவிட்டால் நிறம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

2021இல் ரோமில் கூடிய நிபுணர் குழுவின் பெயரில் வெளியான வரையறையிலும் சி.ஆர்.பி இருக்கிறது, ஐந்தில் ஒன்றாக: இளைப்பு பத்துக்கு 5ஓ மேலோ, மூச்சு நிமிடத்துக்கு 24ஓ மேலோ, நாடித்துடிப்பு 95ஓ மேலோ, ஒட்சிசன் 92 சதவீதத்துக்குக் கீழே, சி.ஆர்.பி 10ஓ மேலோ. மூன்று பொருந்தினால் மத்திமத் தீவிரம். ஐந்தில் நாலைக் கைக்கடிகாரமும் விரலில் மாட்டும் ஒட்சிமீற்றரும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்பதைக் கவனிக்கவேண்டும்.

சி.ஆர்.பி மிகவும் ஏறி, 100, 200 என்று போனால் அது வெறும் சி.ஓ.பி.டி குழப்பம் (முட்டுத் திடீரென்று கூடுவது) இல்லை. நியுமோனியாவைத் தேடி மார்பு எக்ஸ்றே எடுக்கவேண்டும். கிழக்கு மாகாணத்தில் இதோடு இன்னொன்றும் நினைவில் நிற்கவேண்டும். மாரியில் வயலுக்குள் நின்றவர், சர்க்கரையும் உள்ளவர், காய்ச்சல், நுரையீரலில் படிவு, வழமையான அமொக்சிசிலினுக்கு இறங்காத சி.ஆர்.பி என்றால் மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோயைச் சந்தேகிக்கவேண்டும். மட்டக்களப்பு உட்பட இலங்கையின் பல பகுதிகளில் அது இருக்கிறது. சி.ஆர்.பியால் அதைப் பிரித்தறிய முடியாது. இரத்தத்தையும் சளியையும் கிருமி வளர்ப்புக்கு அனுப்பினால்தான் பிடிபடும், மருந்தும் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசிதான். லாப்புக்கு அனுப்பும் தாளில் "நெல்வயல் வேலை, சர்க்கரை" என்று நாலு சொல் எழுதினால், வளர்த்தெடுத்த கிருமியைச் சாதாரண அழுக்கு என்று ஒதுக்காமல் இருப்பார்கள்.

குறைந்த சி.ஆர்.பியும் பத்திரமான செய்தி அல்ல. திடீரென்று மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீக்கம், சி.ஆர்.பி சாதாரணம் என்றால் நுரையீரல் நாளத்தில் இரத்தக்கட்டி போயிருக்கலாம். இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து குந்தினால் குறைகிறது என்றால் இருதயம் தளர்ந்திருக்கலாம். அங்கெல்லாம் அழற்சி எண்ணுக்கு வேலை இல்லை.

பொய் சொல்லும் ஈ.எஸ்.ஆர்

மலிவான பரிசோதனை, எல்லா இடமும் உண்டு, பழக்கமும் உண்டு. ஆனாலும் சி.ஓ.பி.டியில் ஈ.எஸ்.ஆரைப்போல ஏமாற்றுகிற எண் வேறில்லை. காரணம் அதன் செய்முறையிலேயே இருக்கிறது. நாலு பங்கு இரத்தமும் ஒரு பங்கு சோடியம் சித்திரேற்றும் கலந்து 200 மி.மீ வரை அளவிட்ட மெல்லிய வெஸ்ரக்ரென் குழாயில் நிறுத்தி, ஒரு மணித்தியாலத்தில் செங்குழியம் எத்தனை மி.மீ கீழே இறங்கியது என்று பார்ப்பார்கள். அழற்சியில் கூடும் பைப்ரினோஜன் செங்குழியங்களை நாணயக் குற்றிகளைப் போல அடுக்கும். அடுக்கு கனம், கெதியாக இறங்கும்.

இப்போது நமது துண்டைப் பாருங்கள். ஹீமோகுளோபின் 17.8, பி.சி.வி 55. குழாயில் பாதிக்கு மேல் செங்குழியமாகவே நெருக்கியடித்து நிற்கிறது; இறங்க இடமில்லை. ஆகவே ஈ.எஸ்.ஆர் 4. "ஈ.எஸ்.ஆர் நல்லாயிருக்கு" என்பது இங்கே பொய்ச் சாட்சி. மறுதலையாக, ஹீமோகுளோபின் 8.5 உள்ள பெண்ணுக்கு அழற்சி ஒன்றும் இல்லாமலே ஈ.எஸ்.ஆர் 50, 60 என்று போகலாம். வயதும் ஏற்றும்: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதி என்பது பழைய கைக்கணக்கு. குழாய் 3 பாகை சரிந்து நின்றாலே எண் 30 சதவீதம் வரை கூடும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் குளிரூட்டி இல்லாத அறையில் வைத்தாலும் கூடும், ஏனென்றால் இந்த முறை 18 முதல் 25 பாகைக்குள் செய்யவேண்டியது. அறைவெப்பத்தில் எடுத்து 4 மணித்தியாலத்துக்குள் வைக்கவும் வேண்டும். தூரத்தில் குத்தி மத்தியானம் வந்துசேரும் இரத்தத்துக்கு அது கிடைப்பதில்லை.

அப்படியானால் ஈ.எஸ்.ஆர் எதற்கு? 100 தாண்டினால் மட்டும் அதைச் சும்மா விடக்கூடாது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மெலிவு, இராவியர்வை சேர்ந்தால் மார்பு நோய் கிளினிக்கில் சளி கொடுத்துக் காசநோய் பார்க்கவேண்டும். சி.ஓ.பி.டி என்ற முத்திரை குத்தியவரில் காசநோய் பிந்திப் பிடிபடுவது இதனால்தான்: இருமல் புதிதல்ல என்று எல்லாரும் நினைத்துவிடுவார்கள்.

அவசரமான எண் என்று முதலில் சொன்னது இந்த 17.8ஐயும் 55ஐயும்தான். இவை அழற்சி எண்களே இல்லை. நெடுநாளாக ஒட்சிசன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயற்றின் விட்டுச் செங்குழியத்தைப் பெருக்கும். இந்த ஆளுக்கு ஒட்சிமீற்றர் மாட்டி, குழப்பம் தணிந்த பிறகும் திரும்ப மாட்டிப் பார்க்கவேண்டும். ஓய்வில் 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே நின்றால் நாடிக் குருதி வாயுப் பரிசோதனை செய்து, நாளுக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வீட்டில் ஒட்சிசன் கொடுப்பதை யோசிப்பார்கள். அவரது ஆயுளைக் கூட்டக்கூடிய சிகிச்சை அது. சி.ஆர்.பி 24ஐப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தப்பிப்போகும்.

இயோசினோபில்: மருந்தை மாற்றும் எண்

எஃப்.பி.சி (முழு இரத்தக்கல எண்ணிக்கை) துண்டில் ஒருவரும் கவனிக்காத சதவீதம் இது. ஆனால் நலமாக இருக்கும் காலத்தில் சிகிச்சையை மாற்றக்கூடிய ஒரே இரத்த எண் இதுதான் என்று துணிந்து சொல்லலாம். உள்ளிழுக்கும் ஸ்ரீரொயிட், அதாவது பிரவுண் பம் வகை, சி.ஓ.பி.டியில் எல்லாருக்கும் உதவுவதில்லை. கோல்ட் என்ற பன்னாட்டு சி.ஓ.பி.டி வழிகாட்டியின்படி மைக்ரோலீற்றருக்கு 100க்குக் கீழே இயோசினோபில் என்றால் ஸ்ரீரொயிட்டால் குழப்பங்கள் குறையும் வாய்ப்பு மிகக் குறைவு. நியுமோனியா ஆபத்து மட்டும் கூடும். 300ஓ அதற்கு மேலோ இருந்து அடிக்கடி குழப்பமும் வந்தால் கொடுப்பதற்கு வலுவான காரணம் உண்டு. இடைப்பட்டவருக்கு மற்ற விபரங்களைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். திரும்பத் திரும்ப நியுமோனியா வந்தவர், காசநோய் வந்தவர் என்றால் தராசு ஸ்ரீரொயிட்டுக்கு எதிர்ப்பக்கம் சாயும்.

கணக்கு சதவீதத்தில் இல்லை, எண்ணிக்கையில். வெண்குழியம் 6,000 உள்ளவருக்கு 3 சதவீதம் என்றால் 180. 11,000 உள்ளவருக்கு அதே 3 சதவீதம் 330. சில துண்டில் 0.33 என்று வரும். அது லீற்றருக்கு 10இன் 9ஆம் அடுக்கு அலகில் உள்ளது, ஆயிரத்தால் பெருக்கினால் 330. நமது துண்டில் 11,200இல் 4 சதவீதம், 448.

அந்த 448ஐ நம்பலாமா? நுணுக்குக்காட்டியில் 100 வெண்குழியத்தை எண்ணி எடுத்த சதவீதம் என்றால், 4 என்று வந்தது தற்செயலாலேயே 1 முதல் 10 வரை எங்கும் இருந்திருக்கலாம். எண்ணிக்கையாக மாற்றினால் 112 முதல் 1,120 வரை. இயந்திரம் ஆயிரக்கணக்கான கலங்களை எண்ணுவதால் இந்தத் தடுமாற்றம் குறைவு. ஸ்ரீரொயிட் தொடங்குவதா நிறுத்துவதா என்று தீர்மானிக்கும்போது இயந்திர எண்ணிக்கை, அதுவும் இரண்டு தடவை வேறுவேறு நாளில், இருக்கவேண்டும். நாளின் நேரமும் சேரும்: உடம்பின் கோட்டிசோல் கூடிய காலையில் இயோசினோபில் குறைந்தும் இரவில் கூடியும் நிற்கும். இரண்டு தடவையும் காலையிலேயே எடுத்தால் ஒப்பிட வசதி.

ஸ்ரீரொயிட் வகையான பிரெட்னிசொலோன் குளிசை எடுத்தவரின் எண்ணிக்கை சில மணித்தியாலத்திலேயே பூச்சியத்துக்குக் கிட்ட விழும். குழப்பத்துக்கு நாளுக்கு 40 மி.கி, 5 நாள் கொடுப்பது வழமை; அந்த நாள்களில் எடுத்த எஃப்.பி.சியில் "இயோசினோபில் 0" என்பதைக் கொப்பியில் அடிப்படை எண்ணாக எழுதிவிட்டால், பிறகு வருகிற டொக்டர் பிரவுண் பம்மை நிறுத்திவிடக்கூடும். அதே குளிசை நியூட்ரோபிலை ஏற்றிவிடும் என்பதால் வெண்குழியம் 14,000 என்று கண்டு "கிருமி" என்று மயங்குவதும் நடக்கும். குளிசை முடிந்து நாலு கிழமை ஆள் அமைதியாக இருந்த பிறகு எடுத்த எண்ணே பெறுமதியானது.

நமது பக்கத்தில் இன்னொரு சிக்கல்: புழு. வெறுங்காலோடு மண்ணில் நிற்கிறவருக்குக் கொக்கிப்புழுவும் ஸ்ரோஞ்சிலொயிடஸும் இயோசினோபிலை ஏற்றும். பன்னாட்டு வழிகாட்டியின் 300 என்ற கோட்டை, புழு உள்ளவரிடம் அப்படியே வைத்தால் தேவையில்லாதவருக்கு ஸ்ரீரொயிட் போய்ச்சேரும். அதிலும் ஸ்ரோஞ்சிலொயிடஸ் உள்ளவருக்கு ஸ்ரீரொயிட் குளிசை கொடுத்தால் புழு உடம்பெல்லாம் பரவி ஆபத்தாகலாம். அதற்கு வழமையான ஒற்றைப் பூச்சிக்குளிசை போதாது, ஐவர்மெக்றின் வேண்டும். எண்ணிக்கை 1,500 தாண்டினால் சி.ஓ.பி.டி என்று மட்டும் பேசக்கூடாது. 3,000க்கு மேல், இரவில் வறட்டு இருமலும் இழுப்பும் என்றால் யானைக்கால் புழுவுக்கு நுரையீரல் காட்டும் எதிர்ப்பான வெப்பவலய இயோசினோபிலியாவைச் சந்தேகிக்கவேண்டும். இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்ததால் அது அரிதாகிவிட்டது, ஆனால் மருந்து இருக்கும் நோயை மறந்துவிடக்கூடாது.

2024இல் டுபிலுமாப் என்ற ஊசியை அமெரிக்கா சி.ஓ.பி.டிக்கு அனுமதித்தபோதும் இயோசினோபில் கூடியவர்களுக்கே என்றது. விலையை நினைத்தால் இப்போதைக்கு எங்களுக்கு அது செய்தி மட்டும்.

மற்றவை

நியூட்ரோபிலை லிம்போசைற்றால் பிரிக்கும் விகிதம் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். நமது துண்டில் 78ஐ 14ஆல் பிரித்தால் 5.6. செலவில்லாத கணக்கு, கூடினால் ஆள் மோசம் என்பதும் பொதுவில் சரி. ஆனால் ஒரே ஒரு பிரெட்னிசொலோன் குளிசை அதைத் தலைகீழாக்கும் என்பதால் தனியாக அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. புரோகல்சிற்றோனின் பக்ரீரியாத் தொற்றைச் சி.ஆர்.பியைவிடக் கொஞ்சம் தெளிவாகக் காட்டும், விலையும் கூட. வார்ட்டில் ஆள் மோசமாகக் கிடக்கும்போது மட்டும் கேட்பார்கள். இன்ரலூக்கின் 6, 8 எல்லாம் ஆய்வுக்குரியவை; கிளினிக்கில் காசு கொடுத்துச் செய்வது வீண்.

பைப்ரினோஜனுக்கு மட்டும் ஒரு தனி இடம். 2015இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், 350 மி.கி/டெசிலீற்றர் என்ற எல்லையை சி.ஓ.பி.டி மருந்தாய்வுகளுக்கு ஆபத்துக் கூடியவரைத் தெரிவுசெய்யும் அடையாளமாக ஏற்றது. நீலமூடிச் சித்திரேற்றுக் குழாயில் கோடுவரை இரத்தம் நிரப்பவேண்டும். அரைகுறையாக நிரப்பினால் எண் பிழைக்கும். அதுவும் ஆய்வுக்கான அடையாளம்தான், தனி ஆளின் மருந்தை மாற்ற அதை வைத்து எவரும் தீர்மானிப்பதில்லை. கொப்பன்ஹேகனில் 2013இல் வெளியான பெரிய ஆய்வில் சி.ஆர்.பி, பைப்ரினோஜன், வெண்குழியம் மூன்றும் கூடி நின்றவர்களுக்கே குழப்பங்கள் அதிகம் வந்தன. அங்கே சி.ஆர்.பியின் எல்லை 3 மி.கி/லீற்றர், 6க்குக் கீழே எதுவும் காட்டாத லேடெக்ஸ் தட்டால் அந்த எல்லையைத் தொடவே முடியாது.

எண்ணை இறக்கினால் ஆள் சுகமா? இதை நேரடியாகச் சோதித்தார்கள். ரி.என்.எஃப் ஆல்பாவை அடைக்கும் இன்ஃபிளிக்சிமாப் ஊசி 2007இல் வெளியான ஆய்வில் சி.ஓ.பி.டிக்கு நன்மை தரவில்லை. ஊசி பெற்றவர்களில் புற்றுநோயும் நியுமோனியாவும் எண்ணிக்கையில் கூடவே காணப்பட்டன. சி.ஆர்.பியை இறக்கும் என்று பெயரெடுத்த சிம்வாஸ்ரற்றின் 40 மி.கியை 885 பேரில் பார்த்தபோது, வருடத்துக்கு ஒருவருக்கு வந்த குழப்பம் 1.36, மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவருக்கு 1.39. கொலஸ்திரோலுக்கோ இருதயத்துக்கோ எடுப்பவர் அதை விடக்கூடாது. நுரையீரலுக்கென்று தொடங்கத் தேவையில்லை. புகைத்தலை விட்டாலும் மூச்சுக்குழாயின் அழற்சி முழுதாக அணைவதில்லை என்பதும் உண்மை. அதைச் சொல்லிப் பீடியைத் தொடர்கிறவர்கள் உண்டு. அவர்கள் மறைப்பது, விட்டவரின் மூச்சுத்திறன் தேயும் வேகம் குறைகிறது என்ற மற்றப் பாதியை.

கொப்பியில் எழுதவேண்டியது

ஆக, முட்டு கூடிய நாளில் எடுத்த துண்டு தனியே ஊமை. அதைப் பேசவைப்பது, அமைதியான காலத்தில் எடுத்த இன்னொரு துண்டு. மாரிக்கு முன், ஆவணி புரட்டாதியில், நாலு கிழமையாகக் குழப்பமோ காய்ச்சலோ பிரெட்னிசொலோனோ இல்லாத ஒரு காலையில் எஃப்.பி.சியும் சி.ஆர்.பியும் எடுத்து, அதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டவேண்டும். அமைதியிலேயே சி.ஆர்.பி 12 நிற்கிறவருக்கு 24 என்பது ஒரே ஒரு படி. அமைதியில் 6க்குக் கீழே உள்ளவருக்கு அதே 24 வேறு கதை.

துண்டின் மூலையில் நாலு விபரம் பேனையால் எழுதினால் போதும்: இரத்தம் குத்திய நேரம், கடைசிப் பிரெட்னிசொலோன் எடுத்த நாள், அன்ரிபயோட்டிக் தொடங்கியிருந்தால் எது எத்தனையாம் நாள், அன்றைய ஒட்சிசன் சதவீதம். பூச்சிமருந்து எடுத்த மாதத்தையும் சேர்த்தால் இயோசினோபிலை வாசிக்கிறவர் நன்றி சொல்வார். லாப்பின் பெயரும் முறையும் அதிலேயே அச்சாகியிருக்கும். அந்தப் பகுதியைக் கத்தரித்துவிட்டு எண்ணை மட்டும் ஒட்டுகிற பழக்கத்தை விடவேண்டும்.

பேச ஒரு வசனம் முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலித்தால், பகலில் காரணமில்லாமல் நித்திரை தூங்கிக்கொண்டு பதில் குழறினால், இரத்தம் குத்தப் போகும் நேரம் அதுவல்ல. அப்போது நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே ஒட்சிசன் வைக்கும்போது 88க்கும் 92க்கும் இடையில் நிறுத்தப் பார்ப்பார்கள். "ஏன் 100க்கு ஏத்தவில்லை" என்று வீட்டார் சண்டை பிடிப்பதுண்டு. சி.ஓ.பி.டி முற்றியவருக்கு அளவுக்கு மேல் ஒட்சிசன் கொடுத்தால் காபனீரொட்சைட் இரத்தத்தில் தேங்கி, அந்தத் தூக்கம் மயக்கமாகும்.